செவி நலச் செய்தியும் எளிய எழுத்தும்



மருந்துப் புட்டி கையில் இருக்கிறது. மூடி மட்டும் இறுகிப்போய்த் திறக்க மறுக்கிறது. அந்த மருந்தினால் நோய் தீருமா? தீராது. உடல்நலம் பற்றி எழுதப்படும் செய்திகளும் இப்படித்தான். செய்தி இருக்கிறது, ஆனால் படிப்பவருக்கு விளங்கவில்லை என்றால், அவரைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம். இந்த ஒரு கருத்தைத்தான் இன்றைய பேச்சில் நாம் ஆராய இருக்கிறோம்.

அதற்கு எடுத்துக்காட்டாக நாம் எடுத்துக்கொள்வது, இந்தி மொழியில் இணையத்தில் வெளிவரும் செவி நலச் செய்திகள். தோட்டப்புறத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தி மொழியின் கதை எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அண்டை வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பார்த்தவன், தன் வீட்டுக் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பான். அதற்காகத்தான் இந்தக் கதை. மேலும், இந்தி சிறிய மொழி அன்று. இந்தியாவில் 2011-ஆம் ஆண்டு எடுத்த மக்கட்கணிப்பின்படி, இந்தி என்ற தலைப்பின்கீழ்க் கணக்கிடப்பட்டவர்கள் 52 கோடிக்கும் மேற்பட்டவர்கள். அரசின் ஆதரவும் அதற்கு உண்டு. அத்தகைய மொழியிலேயே செவி நலச் செய்தி சாதாரண மக்களுக்கு எட்டுவது கடினமாக இருக்கிறதென்றால், காரணம் என்ன என்று அறிந்துகொள்வது எல்லா மொழியினருக்கும் பயன் தரும்.

முதலில், செவி நலத்தை ஏன் தனியாக எடுத்துப் பேசுகிறோம்? இதை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

சர்க்கரை நோய் கண்ட ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வானொலி இருக்கிறது. அண்டை அயலார் இருக்கிறார்கள். மருத்துவர் வாயால் சொன்னாலே போதும். காதால் கேட்டு நடந்துகொள்வார். ஆனால் காது கேட்காத ஒருவருக்கு? நாம் இப்பொழுது பேசிக்கொண்டிருக்கும் இந்த வானொலிப் பேச்சே அவரைச் சென்று அடையாது. மருத்துவர் பாதி சொல்லும்போதே அவருக்குச் சொற்கள் நழுவிப்போகும். அவருக்குத் திறந்திருக்கும் பெரிய வாசல் கண்தான், எழுத்துதான். அந்த எழுத்தும் கடுமையாக இருந்தால், ஒரு வாசல் நோயினால் அடைபட்டது, மறு வாசல் எழுதியவரால் அடைபட்டது என்று ஆகிறது. வேறு எந்த நோயைக் காட்டிலும் செவி நோயைப் பற்றி எழுதும்போது எளிமை மிகுதியாகத் தேவைப்படுவது இதனால்தான்.

இந்தத் தொல்லை சிறு அளவில் உள்ளதன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் செவித்திறன் பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைந்திருக்கிறது; அவர்களுள் 43 கோடிப் பேருக்கு மருத்துவ உதவியோ கருவி உதவியோ தேவைப்படுகிறது என்று அது கூறுகிறது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 30 இலட்சம் பேருக்குச் செவித்திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கிறது என்ற மதிப்பீடு ஒன்றும் உண்டு. இதைத் தடுப்பதற்காகவே 2006-07 காலத்தில் இந்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது.

செவித்திறன் குறைவு முதியவர்களிடத்தில் மிகுதி. 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கு பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்கும் மேலாக அது காணப்படுகிறது. ஆனால் பல நாடுகளில் முதியவர்கள்தாம் குறைவாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். இந்தி வழங்கும் பீகார் மாநிலத்தில், 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஏறத்தாழப் பாதிப்பேர்தாம். ஆகவே, இந்தச் செய்தி யாருக்கு மிகுதியாகத் தேவையோ, அவர்களே அதைப் படிக்க மிகுதியாகச் சிரமப்படுகிறவர்கள்.

இனி, மொழிக்குள் நுழைவோம்.

நம் தமிழில் வீட்டில் பேசும் பேச்சு ஒன்று, ஏட்டில் எழுதும் எழுத்து ஒன்று என்று இரண்டு நடை இருப்பதை நாம் அறிவோம். இந்தியிலும் அப்படியே. காது சற்று மந்தமாகிவிட்ட ஒரு தாத்தாவைப் பற்றி வடநாட்டு மக்கள் பேசும்போது, 'ஊன்ச்சா சுன்தா ஹை' என்பார்கள். 'உயர்த்திச் சொன்னால்தான் கேட்கும்' என்பது அதன் கருத்து. எவ்வளவு மரியாதையான, எளிய வழக்கு! ஆனால் நலத்துறை ஏடுகளிலும் இணையப் பக்கங்களிலும் அதே நிலைக்கு 'ஷ்ரவண் ஹ்ராஸ்' என்ற தொடர் வருவதுண்டு. இது முழுவதும் வடமொழி. காதில் சீழ் வடிவதை மக்கள் 'கான் பஹ்னா' என்பார்கள். அதாவது காது ஒழுகுதல். ஏட்டில் அது 'கர்ணஸ்ராவ்' ஆகிவிடும். நாம் காது ஜவ்வு என்று சொல்வதை அவர்கள் 'கான் கா பர்தா', அதாவது காதின் திரை என்பார்கள். ஏட்டில் அது 'கர்ணபடஹ்'. காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சலை, காதில் சீட்டி அடிப்பதாக மக்கள் சொல்வார்கள். ஏட்டில் அது 'கர்ணநாத்'.

இரண்டு வாக்கியங்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். 'கர்ணஸ்ராவ் கீ ஸ்திதி மேம் சிகித்ஸக் ஸே பராமர்ஷ் லேம்' என்பது ஒன்று. 'கான் பஹே தோ டாக்டர் கோ திகாயேம்' என்பது மற்றொன்று. இரண்டும் இந்திதான், இரண்டுக்கும் பொருளும் ஒன்றுதான். ஆனால் முன்னதைத் தமிழாக்கினால், 'செவிச்சீழ் ஒழுக்கு நிலையில் மருத்துவ வல்லுநரின் கலந்தாலோசனை பெறுக' என்று வரும். பின்னதைத் தமிழாக்கினால், 'காதில் சீழ் வடிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்' என்று வரும். குழந்தையின் காதிலிருந்து சீழ் வடிகிறது. தாய் பதைத்துப்போய் நிற்கிறாள். அவளுக்கு எந்த வாக்கியம் வேண்டும்? நாமே சொல்லிவிடலாம்.

ஏன் இப்படி ஆயிற்று? எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதற் காரணம், கலைச்சொற்களின் வரலாறு. இந்தியாவில் 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், இந்தி வளர்வதற்கு வேண்டிய சொற்களை முதன்மையாகச் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டியது. 1961-ஆம் ஆண்டில் அறிவியல் கலைச்சொல் ஆணையம் ஒன்றும் அமைக்கப்பட்டது. கல்லூரிப் பாடநூல்களுக்கு அந்தச் சொற்கள் உதவின. ஆனால் பாடநூலுக்குப் பிறந்த சொல், கிராமத்துத் திண்ணைக்கு அப்படியே பொருந்துவதில்லை.

இரண்டாவது காரணம், மொழிபெயர்ப்பு. இந்தியாவில் மருத்துவக் கல்வி நெடுங்காலமாக ஆங்கிலத்திலேயே நடந்து வருகிறது. மத்தியப் பிரதேச மாநிலத்தில் மருத்துவப் படிப்பின் முதலாண்டு நூல்கள் இந்தியில் வெளியிடப்பட்டதே 2022-ஆம் ஆண்டில்தான். ஆகவே, நலச் செய்திகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எண்ணி, பிறகு இந்தியில் பெயர்க்கிறார்கள். அந்த ஆங்கில மூலமாவது எளிமையானதா? அதுவும் இல்லை. செவித்திறன் குறைந்த பெரியவர்களுக்கென்று ஆங்கிலத்தில் அமைந்த இணையப் பக்கங்களை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவற்றைப் புரிந்துகொள்ளப் பதினோரு பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு வேண்டும் என்று அது கண்டது. ஆனால் நோயாளிகளுக்கு எழுதுவது ஆறாம் வகுப்புப் படித்தவருக்கு விளங்கும்படி இருக்கவேண்டும் என்பது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. மூலமே கடினம், அதை வடமொழிச் சொற்களால் பெயர்த்தால் சுமை இரட்டிப்பாகிறது.

மூன்றாவது காரணம், 'இந்தி பேசுவோர்' என்ற பெயருக்குள் பல பேச்சுகள் அடங்கியிருப்பது. மேலே சொன்ன 52 கோடியில் போஜ்புரி பேசுவோர் மட்டும் 5 கோடிப் பேர். ராஜஸ்தானி, சத்தீஸ்கரி, மகஹி பேசுவோரும் அந்தக் கணக்கில் அடக்கம். போஜ்புரி பேசும் ஒரு தாய்க்கு ஏட்டு இந்தியே பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட மொழி. அதிலும் கலைச்சொல் கலந்த இந்தி என்றால், அவளுக்கு அது மூன்றாம் வீட்டு மொழி.

எழுத்து எளிதா கடினமா என்பதை அளக்க வழி உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு. 1948-ஆம் ஆண்டில் ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர் ஆங்கில எழுத்தை அளக்க ஒரு கணக்கு முறையை வகுத்தார். வாக்கியம் எவ்வளவு நீளம், சொல்லில் எத்தனை ஒலித்துண்டுகள் என்று எண்ணி மதிப்பெண் போடும் முறை அது. 1969-ஆம் ஆண்டில் மெக்லாஃப்லின் என்பவர் மற்றொரு முறையைத் தந்தார். மூன்றும் அதற்கு மேலும் ஒலித்துண்டுகள் உள்ள சொற்கள் எத்தனை என்று எண்ணுவது அவர் முறை. ஆங்கிலத்துக்கு இவை ஓரளவு பொருந்தும்.

ஆனால் ஒரு மொழிக்கு வெட்டிய படியைக்கொண்டு இன்னொரு மொழியை அளந்தால் என்ன ஆகும்? இந்தியில் 'ஹ்ராஸ்' என்பது ஒரே ஒலித்துண்டு. ஆங்கிலக் கணக்குப்படி அது மிக எளிய சொல். ஆனால் கிராமத்துப் பாட்டிக்கு அது விளங்காது. 'ஸுனாயீ' என்பது மூன்று ஒலித்துண்டுகள். கணக்குப்படி அது கடினமான சொல். ஆனால் 'கேட்பது' என்று பொருள்படும் அந்தச் சொல்லைச் சின்னஞ்சிறு குழந்தையும் அறியும். நம் தமிழைப் பாருங்கள். 'தோட்டத்திலிருந்து' என்பது ஒரே சொல், ஆறு ஒலித்துண்டுகள். இந்தியில் அதையே 'பாகான் ஸே' என்று இரண்டு குட்டிச் சொற்களாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கை நம்பினால் தமிழ் கடினம், இந்தி எளிது என்று தீர்ப்பு வரும். உண்மையில் 'தோட்டத்திலிருந்து' என்ற சொல் விளங்காத தமிழ்க் குழந்தை உண்டா?

ஆகவே, கணக்கைக் காட்டிலும் உயர்ந்த அளவுகோல் ஒன்று உண்டு. அது படிக்கிறவர்தான். 1953-ஆம் ஆண்டில் வில்சன் டெய்லர் என்பவர் இதற்கு ஓர் எளிய வழியைச் சொன்னார். எழுதிய பகுதியில் ஐந்து சொல்லுக்கு ஒரு சொல்லை மறைத்துவிட வேண்டும். படிப்பவர் மறைந்த சொற்களைச் சரியாக ஊகித்து நிரப்பினால், எழுத்து அவருக்கு விளங்கியிருக்கிறது. நிரப்ப முடியாமல் திகைத்தால், பிழை படித்தவருடையது அன்று; எழுதியவருடையது. எந்த மொழிக்கும் பொருந்தக்கூடிய முறை இது. இதைவிட எளிய வழி, படித்தவரிடம், 'என்ன விளங்கியது? உங்கள் பேச்சில் சொல்லுங்கள்' என்று கேட்பது.

எழுத்துக்குப் பதிலாகப் படமும் பேச்சும் கலந்த காணொளிகளைக் காட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஓரளவுக்குப் போதும். கைத்தொலைபேசியில் இன்று அவை ஏராளம். ஆனால் காது கேளாதவருக்கு வெறும் பேச்சு பயன்படாது. கீழே எழுத்து ஓட வேண்டும். அந்த எழுத்து எளிமையாக இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி நாம் எழுத்துக்கே வந்து சேர்கிறோம் அல்லவா?

சொல் விளங்காமல் போவதால் வரும் இழப்பு சிறிதன்று. காதில் வலி என்றால் கடுகெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது வடநாட்டில் பல வீடுகளில் இருந்துவரும் வழக்கம். எண்ணெய் ஊற்றாதீர்கள், குச்சி விடாதீர்கள் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. ஜவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கித் தீங்கு செய்யும். அந்த அறிவுரை விளங்காத சொல்லில் வந்தால், எண்ணெய்க் கிண்ணம் அடுப்பை விட்டு இறங்காது. பிறந்த குழந்தையின் செவியை ஒரு மாதத்துக்குள் சோதிக்க வேண்டும். குறை உண்டா என்பதை மூன்று மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் கடைப்பிடிக்க விரும்பும் நெறி. ஏனென்றால், கேட்டால்தான் குழந்தை பேசக் கற்கும். அறிவிப்பு விளங்காமல் இரண்டு ஆண்டு கழிந்துவிட்டால், அந்தக் குழந்தை மொழி கற்கும் பொன்னான காலம் பெரிதும் வீணாகிவிடும். ஒரு கடுஞ்சொல்லுக்கு இத்தனை விலை!

நேயர்களே, அண்டை வீட்டுக் கூரையைப் பார்த்தோம். இனி நம் வீட்டுக் கூரையைப் பார்ப்போம்.

நம்மிடமும் 'செவித்திறன் இழப்பு' உண்டு. 'காது மந்தம்' உண்டு. 'செவிப்பறை' உண்டு; 'காது ஜவ்வு' உண்டு. முன்னவை தவறு என்று நாம் சொல்லவில்லை. அவை நல்ல தமிழ்ச் சொற்கள். பிள்ளைகள் கற்க வேண்டியவை. ஆனால் ஆபத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், தெரிந்த சொல் முன்னே வரவேண்டும். புதிய சொல் அதன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னே வரவேண்டும். கடுகெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ காய்ச்சும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு என்பதை மறைப்பானேன்?

வேலையிடத்தையும் எண்ணிப் பார்ப்போம். தோளில் புல்வெட்டும் இயந்திரத்தைச் சுமந்து வெட்டுபவர்கள், செம்பனை ஆலையில் வேலை செய்பவர்கள் ஆகியோரின் காதுக்கு நாள்தோறும் இரைச்சல் சுமை. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு வந்த இரைச்சல் விதிகளின்படி, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது எல்லை. ஆனால் '85 டெசிபல்' என்று எழுதி ஒட்டினால் யாருக்கு விளங்கும்? அதையே இப்படிச் சொல்லலாம்: 'கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இரைச்சல் காதைக் கெடுக்கும். காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.' இதற்கு அளவுமானி வேண்டாம். பள்ளிக்கூடப் படிப்பும் வேண்டாம்.

எழுதுகிறவர்கள் திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

நலச் செய்தி ஒன்று கையில் கிடைத்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். என்ன செய்யச் சொல்கிறது? எப்போது செய்யச் சொல்கிறது? எங்கே போகச் சொல்கிறது? இந்த மூன்றுக்கும் விடை கிடைக்கவில்லை என்றால், செய்தி நமக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது கிளினிக்கில் உள்ளவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். 'விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்பது வெட்கப்படுவதற்குரிய சொல் அன்று. சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்லி, 'இப்படித்தானே?' என்று சரிபார்த்துக்கொள்வோம்.

படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தாத்தா, பாட்டியின் கைத்தொலைபேசிக்கு வரும் செய்தியை வேகமாக வாசித்துவிட்டுப் போகாதீர்கள். அவர்களுக்கு எதிரே உட்காருங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். காது மந்தமானவர்கள் விளங்காவிட்டாலும் தலையை ஆட்டிவிடுவார்கள். பலமுறை கேட்டால் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்களோ என்ற கூச்சந்தான் காரணம். தலையாட்டுவதை விளங்கியதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'பாட்டி, நான் சொன்னதை நீங்கள் சொல்லுங்கள்' என்று அன்போடு கேளுங்கள்.

இன்னும் ஒன்று. ஒரு காதோ இரு காதுகளோ திடீரென்று கேட்காமல் போனால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். காலம் தாழ்ந்தால் கேட்கும் சக்தி திரும்புவது அரிதாகும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள், காது கேளாத உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் இதை எழுதிக் காட்டுங்கள். இந்தப் பேச்சு அச்சில் வரும்போது அவர் கையிலும் கொடுங்கள்.

வடநாட்டுத் தாய்க்கும் நம் தோட்டத்துத் தாய்க்கும் மொழி வேறு, தேவை ஒன்றுதான். அறிவை அவள் இருக்கும் இடத்துக்கு இறக்கிக்கொண்டு வர வேண்டும். அதை உயரத்தில் வைத்துவிட்டு, அவளுக்கு எட்டவில்லை என்று அவளைக் குறை சொல்வது முறையன்று.